ஷாஜன் ஏலம் கேட்ட முட்டை

ஷாஜன் வாழைக்குலைக்குக் கையைத் தூக்கியபோது ரெனிஷா அதை விளையாட்டு என்றுதான் நினைத்தாள்.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு வந்த காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது அப்படிச் சிலர் உண்டு. வாங்குகிற எண்ணமே இருக்காது. சும்மா இரண்டு தடவை கேட்டு விலையை ஏற்றிவிட்டு, எதிராளி மாட்டிக்கொண்டதும் மீசைக்குள் சிரித்தபடி பின்னால் நகர்ந்துவிடுவார்கள். கோவிலுக்கு வருமானம், அவர்களுக்கு ஒரு சந்தோஷம். ஆனால் ஷாஜன் அந்த ரகம்கூட இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் ஏலப் பந்தலுக்குள் கால் வைத்து அவள் பார்த்ததில்லை. ஆராதனை முடிந்ததும் பலாமரத்தடியில் நிற்கும் தன் டெம்போவில் ஏறிக் காலை நீட்டிவிடுவான். சபை முழுக்கப் பந்தியில் உட்காரும் அசனச் சாப்பாட்டுக்கு மணி அடித்தால்தான் இறங்குவான். அப்பேர்ப்பட்ட ஆள் இன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, ஆண்கள் பக்கம் முதல் வரிசையில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான்.

நல்லவேளையாக வாழைக்குலையை வேறொருவர் எடுத்துக்கொண்டு போனார். ரெனிஷாவுக்கு மூச்சு வந்தது. பெண்கள் பக்கம் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு பெமிலா முழங்கையால் இடித்தாள்.

"ஏட்டி, ஒனக்க மாப்பிளைக்கு இன்னைக்கு என்ன, பெரிய உற்சாகம்?"

"ஆருக்குத் தெரியும்," என்றாள் ரெனிஷா. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் பெமிலாவுக்குத் தெரியாது. ஷாஜனுக்கும் தெரியாது என்றுதான் அவள் அதுவரை நம்பிக்கொண்டிருந்தாள்.

ரெனிஷா கணக்கில் பட்டம் வாங்கியவள். வாங்கிய கையோடு கல்யாணம். சான்றிதழ் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டு பிள்ளைகள் பிறந்தன. வளைகுடாவில் ஷாஜன் வேலை பார்த்த கம்பெனி ஒரு நாள் எல்லாரையும் மூட்டை கட்டச் சொல்லிவிட்டது. அவன் ஊருக்கு வந்து, பாதிக்குக் கடன் போட்டு டெம்போ வாங்கி, மரச்சீனிக் கிழங்கும் ரப்பர் ஷீட்டும் ஏற்ற ஆரம்பித்தான். அவள் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். கணக்கு என்றால் காய்ச்சல் வருகிற பிள்ளைகளெல்லாம் அவளிடம் வந்து தேறுவதைக் கேள்விப்பட்டு, பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். "பி.எட். மட்டும் முடிச்சிட்டு வாங்க, வேலை நான் தாரேன்" என்றார். அந்த 'மட்டும்' அவளைத் தூங்கவிடவில்லை. முப்பத்துநாலு வயதில் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். இடமும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. இன்று ஞாயிறு.

பணத்துக்காக அவள் ஏறாத படி இல்லை. கல்விக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனாள். மேசைக்குப் பின்னாலிருந்த தம்பி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஸ்டூடன்ட்ட கூட்டிட்டு வாங்கம்மா" என்றான். நான்தான் அது என்று சொன்னபோது அவன் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நினைத்தால் அவளுக்கு இப்போதும் எரிகிறது. இன்னொரு அலுவலகத்தில், கல்யாணமான பெண்ணுக்கு வருமானச் சான்று அப்பா பேரில் வேண்டுமா புருஷன் பேரில் வேண்டுமா என்று இரண்டு பேர் அவளை நடுவில் நிறுத்தி வழக்காடினார்கள். வழக்கு முடியுமுன் உதவித்தொகையின் கடைசித் தேதி முடிந்துபோனது. நகை என்று ஒன்று இருந்தது. அது நான்கு சக்கரம் முளைத்து டெம்போவாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஷாஜனிடம் கேட்காமலும் இல்லை. மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் "பாக்கலாம்" என்றான். ஷாஜன் பாக்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

கடைசியில்தான் சபையின் கல்வி உதவி நிதி. சபைச் செயலாளர் யேசுரத்தினம் வீட்டுக்கு, புருஷன் லோடு ஏற்றப் போயிருந்த நேரம் பார்த்துப் போய் மனுவைக் கொடுத்தாள். "மக்கா, நீ ஒண்ணும் பேடிக்காத. இது எனக்கும் ஒனக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரிஞ்ச காரியம்" என்று அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்காத குறை. ஏலம் முடிந்ததும் கமிட்டி கூடும், அங்கேயே முடிவு சொல்லி, அங்கேயே காசோலை எழுதுவார்கள். அவளுடையதோடு சேர்த்து மூன்று மனுக்கள் இருந்தன. "ஒனக்குத்தான் சாத்தியம் கூடுதல்" என்று சொல்லியிருந்தார்.

ஒரே ஒரு கண்டிஷன் உண்டு. அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் சபை முழுக்கத் தெரியும். போன வருஷம் கிரேசியின் மகளுக்கு நர்சிங் படிக்க உதவி தருவதாக இருந்தது. அன்றைக்குப் பார்த்துக் கிரேசியின் வீட்டுக்காரர் ஏலத்தில் ஒரு சேவலை, எந்தச் சேவலுக்கும் இல்லாத விலைக்கு எடுத்தார். சேவல் வீட்டுக்கு வந்தது, உதவி வரவில்லை. "ஏலத்துல வீச பைசா உண்டுன்னா படிக்கவும் உண்டு" என்று கமிட்டி கைவிரித்துவிட்டது. அதிலிருந்து மனு கொடுத்த வீட்டார் ஏலம் நடக்கும்போது தலை சொறியக்கூடக் கை தூக்குவதில்லை.

இதெல்லாம் ஷாஜனுக்கும் தெரியும். தன் வீட்டிலிருந்தும் ஒரு மனு போயிருக்கிறது என்பதுதான் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள்.

மேசைமேல் அடுத்து ஒரு முட்டை வந்தது. ஞாயிறு பள்ளிச் சிறுமி ஒருத்தி காணிக்கையாக வைத்த நாட்டுக்கோழி முட்டை. பந்தல் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஏலத்தில் மற்றதெல்லாம் வியாபாரம், முட்டைதான் கௌரவம். ஒருவர் எடுப்பார், எடுத்த கையோடு கோவிலுக்கே திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம் போகும். ஒவ்வொரு சுற்றிலும் விலை ஏறும். பணம் உடனே கையில் வேண்டாம், பேர் எழுதிக்கொள்வார்கள். கிறிஸ்துமசுக்குள் கட்டாதவர்கள் பேரை ஆராதனையில் வாசிப்பார்கள்.

மைக்கைப் பிடித்திருந்த சுயம்புராஜ் முட்டையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "பாத்துக்கிடுங்க, ஒரே ஒரு முட்ட. இத தின்னா புத்தி கூடும்னு நான் சொல்லல்ல, தின்னவன் சொன்னது." சிரிப்பு எழுந்தது. ஐந்நூறில் தொடங்கி, இரண்டு சுற்று போய், மூன்றாம் சுற்றில் கான்ட்ராக்டர் ஞானதாசன் "ரெண்டாயிரம்" என்றார். அவர் கேட்டால் அதோடு முடியும். அவர் கமிட்டியிலும் இருக்கிறார், பந்தல் போட்டதும் அவர் செலவுதான்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு."

ஷாஜன்.

ஞானதாசன் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மூவாயிரம்."

"நாலாயிரம்," என்றான் ஷாஜன்.

"ஒனக்க மாப்பிளைக்கு பிராந்தா பிடிச்சிருக்கு?" என்றாள் பெமிலா. ரெனிஷா புருஷனின் கண்ணைப் பிடிக்கப் பார்த்தாள். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு பாதைதான் இடைவெளி. தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. ஷாஜன் அவளைப் பார்த்தான். நேராக, நன்றாகப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தாலும் தேவலை. நீ சும்மா இரு, இதை நான் முடித்துவைக்கிறேன் என்பது போலப் பார்த்தான். பார்த்தபடியே கையைத் தூக்கினான்.

"ஐயாயிரம்."

ரெனிஷாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இவனுக்குத் தெரியும். மனு போனது தெரியும். கேட்பது முட்டையை அல்ல. ஷாஜன் வீட்டுக்கு யார் உதவியும் வேண்டாம் என்று ஊர் முன்னால் அடித்துச் சொல்கிறான். அவள் மேசைப் பக்கம் பார்த்தாள். யேசுரத்தினம் குனிந்து தன் பேனா மூடியை மிகுந்த அக்கறையோடு திருகிக்கொண்டிருந்தார். கர்த்தர் ரகசியத்தைக் காப்பாற்றியிருப்பார், இந்த மனுஷன் காப்பாற்றவில்லை.

"ஐயாயிரத்து ஐந்நூறு," என்றார் ஞானதாசன். குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"ஆறாயிரம்."

ஞானதாசன் இரண்டு கையையும் விரித்து, உனக்கே இருக்கட்டும் என்று காட்டினார். கைதட்டல். சுயம்புராஜ் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். "ஆறாயிரம், ஷாஜன். ஒருதரம்..."

ரெனிஷா எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது.

"சுயம்பண்ணே, நிறுத்துங்க. அந்தப் பேர எழுதாதீங்க."

அந்தப் பந்தலில் பெண்கள் ஏலம் கேட்பது கிடையாது. கேட்க ஆசை என்றால் அண்ணனையோ புருஷனையோ விட்டுக் கேட்கச் சொல்வார்கள். ஏலத்தை நிறுத்தச் சொல்லி ஒரு பெண் எழுந்தது யாருக்கும் புரியவில்லை. யாரோ சிரித்தார்கள். "ஷாஜன், வீட்டுல முட்டைக்கு அனுமதி இல்லியா?" என்று ஒரு குரல் வந்தது.

"எங்க வீட்டுல அவ்வளவு பைசா இல்ல," என்றாள் ரெனிஷா. சிரிப்பு நின்றது.

"ரெனிஷா, நீ போயி இரு," என்றான் ஷாஜன்.

"இருக்க மாட்டேன்."

"பைசா நான் பாத்துக்கிடுவேன்."

"எப்பிடி பாப்பீங்க? வண்டிக்க டயருல நூலு தெரியுது. அதையே பாக்கலாம்னு சொல்லித்தான் ஓட்டுதீங்க." அவள் மேசைப் பக்கம் கையைக் காட்டினாள். "உதவி கேட்டு மனு குடுத்தது நான். அது ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையத் தூக்குதீங்க."

"தெரியும்," என்றான் ஷாஜன். "தேயிலக்கடையில வச்சு, பத்துப் பேருக்கு முன்னால வச்சுத் தெரிஞ்சுது. எனக்க பெஞ்சாதி சொல்லித் தெரியல்ல."

அது அவளைத் தைத்தது. பத்துப் பேர் முன்னால் அவன் தேயிலைக் கிளாசைக் கையில் பிடித்தபடி எப்படி நின்றிருப்பான் என்று அவளுக்குக் கண்ணால் பார்த்தது போலத் தெரிந்தது. பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தோடேயே கோபமும் வந்தது.

"ஒங்ககிட்டதான் மொதல்ல கேட்டேன். மூணு தடவ கேட்டேன்."

"அதுக்கு தர்மக்காசுக்கு எழுதிக் குடுப்பியா? நாளைக்கு நீ டீச்சராவ. இந்தப் பந்தல்ல நிக்குத ஒவ்வொருத்தனும், அவள நாங்கதான் படிக்க வச்சோம்னு சொல்லுவான். நீ சாவுதவரைக்கும் சொல்லுவான். அதையும் கேட்டுட்டு இவனுவளுக்கு நான் மரச்சீனி ஏத்தணும், இல்லியா?"

அதை மறுக்க முடியாது. இந்தச் சபையில் உதவி வாங்கிப் படித்து எஞ்சினியரான ஒருவனுக்கு, ஊருக்கு வருகிறபோதெல்லாம் நாலு பேரிடம் நன்றி சொல்லி முடிப்பதற்குள் லீவு தீர்ந்துபோகும். அவன் இப்போதெல்லாம் வருவதே இல்லை. ரெனிஷாவுக்கும் அது தெரியும்.

"சொல்லட்டு," என்றாள். "அதக் கேக்க எனக்குக் காது உண்டு. படிக்காம இருந்தா, ஏன் படிக்கல்லன்னு நான் என்னையே கேட்டுட்டு இருக்கணும். அது என்னால முடியாது."

போதகர் எழுந்து, "சுயம்பு, இந்த முட்டைய விட்டிரு. அடுத்தத எடு" என்றார்.

சுயம்புராஜ் சங்கடமாக நெளிந்தார். மனுஷன் வேடிக்கை பேசுகிறவர்தான், ஆனால் ஏலச் சட்டத்தில் கறார். "போதகரே, கேட்டது கேட்டதுதானே. நாளைக்கு ஒவ்வொருத்தனும் பெஞ்சாதிய எழுப்பி விடுவான். கேட்ட ஆளு, கையில பைசா இல்ல, பின்வாங்குதேன்னு இந்த மைக்குல சொன்னா விட்டிரலாம். அதான் முறை."

அப்படி ஒரு முறை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் செய்து பார்த்ததில்லை. வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறார்கள், மாட்டை விற்றுக் கட்டியிருக்கிறார்கள். மைக்கில் வந்து என்னிடம் பணம் இல்லை என்று சொன்ன ஆண்பிள்ளை அந்தக் கோவிலில் இல்லை.

"ஒருதரம்," என்றார் சுயம்புராஜ், மெதுவாக.

ரெனிஷா நின்றபடியே இருந்தாள். பெமிலா சேலையைப் பிடித்து இழுத்தாள், அவள் உட்காரவில்லை. ஷாஜன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைக் கெஞ்ச அவளுக்கு வாய்வரை வந்தது. கெஞ்சினால் அவன் இறங்கி வருவான் என்றும் தோன்றியது. ஆனால் கெஞ்சி வாங்கினால் அது இந்த ஊர் தரும் உதவியைவிடப் பெரிய தர்மமாகிவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டுதரம்."

பிள்ளைகள்கூட ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். அசனத்துக்குக் கொதிக்கிற சாம்பாரின் மணம் பந்தலுக்குள் வந்துகொண்டிருந்தது. சுயம்புராஜ் மூன்றாவதைச் சொல்ல அவசரப்படவில்லை. தொண்டையைச் செருமினார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். அதற்குமேல் செய்ய அவருக்கு எதுவும் மிச்சமில்லை.

ஷாஜன் நடந்து போய் மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினான்.

"எனக்க கையில பைசா இல்ல," என்றான். ஒலிபெருக்கி அதை ரோடு வரைக்கும் கொண்டுபோனது. கொஞ்சம் நின்றான். "பின்வாங்குதேன்."

மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், நடுப்பாதை வழியாக வெளியே போனான். முட்டை, முந்தைய விலைக்கு ஞானதாசன் பேரில் போனது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கக்கூட மறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கமிட்டி கோவிலுக்குப் பின்னாலுள்ள சிறிய அறையில் கூடியது. ரெனிஷாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். கேள்வி எதுவும் பெரிதாகக் கேட்கவில்லை. நடந்ததற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது. யேசுரத்தினம் அவள் முகத்தைப் பார்க்காமல் மனுவை வாசித்தார். போதகர், மற்ற இரண்டு மனுக்களை ஜனவரியில் பார்ப்போம் என்றார். ஞானதாசன்தான் முதலில் சம்மதம் சொன்னார். மனசார, கண் கலங்கச் சொன்னார்.

"ஷாஜனுக்க பெஞ்சாதி படிக்கட்டு. அவள நம்ம சபைதான் படிக்க வச்சுதுன்னு நாளைக்கு நாலு பேரு சொல்லட்டு. நமக்கும் அது ஒரு பெருமைதானே."

பந்தலில் ஷாஜன் சொன்ன அதே சொல் அன்பின் உடையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. ரெனிஷா கைகூப்பி, "நன்றி அண்ணே" என்றாள். முதல் நன்றி. இனி எத்தனை சொல்ல வேண்டுமோ. காசோலையில் மை காயும்வரை நின்று, வாங்கி, பர்ஸுக்குள் வைத்தாள்.

அசன மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் பந்தியில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தன, பெமிலா அவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். ரெனிஷா பலாமரத்தடிக்குப் போனாள். ஷாஜன் டெம்போவில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டும் திறந்திருந்தன. அவள் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கண்ணாடிக்கு முன்னால் இருந்த மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கெடச்சுதா?" என்றான்.

"கெடச்சு."

"மொதல்ல ஆரு செரின்னு சொன்னா?"

எதற்குக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பொய் சொல்ல மனசு வரவில்லை. "ஞானதாசன் அண்ணன்."

ஷாஜன் மூக்கால் சிரித்தான். அதில் சந்தோஷம் இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான், விட்டான்.

"நாளைக்குக் காலேஜுக்கு நான் கொண்டு விடமாட்டேன்."

"பஸ்சு உண்டு," என்றாள்.

"மனசு செரியாவ கொஞ்ச நாளாவும். ஒனக்கிட்ட பேசாம இருப்பேன். பிள்ளையளுக்கு முன்னால பேசுவேன்."

"செரி."

"ஒனக்க மேல தப்பில்லன்னு நான் சொல்லல்ல. எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்," என்றாள் அவள். அழுகை வந்தது. அடக்கவில்லை, அவன் பக்கம் திரும்பவும் இல்லை. "நீங்களும் இல்லன்னா இல்லன்னு சொல்லியிருக்கணும். அந்த ஒரு வார்த்தைய மைக்கு வச்சுத்தானா சொல்லணும்?"

பந்தியில் சோறு கேட்டு யாரோ சத்தம் போடுவது கேட்டது. பிறகு அவன் அவளை முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்க. தோத்துட்டு மட்டும் வந்திராத. நான் இன்னைக்கு அங்க நின்னு சொன்னது வெறுத வீணாயிப்போவும்."

இத்தனை நாளும் பணம் கிடைக்காமல் போய்விடுமோ என்றுதான் அவளுக்குப் பயம். கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாள். பாடத்தைப் பற்றி ஒரு நாளும் பயந்ததில்லை. இப்போது பயந்தாள். கடைசியாகப் பரீட்சை எழுதி எத்தனை வருஷமாயிற்று என்று எண்ணப் பார்த்தாள், எண்ண முடியவில்லை. நான் தோற்கமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்படியொரு வாக்கு கொடுக்கப் பயமாக இருந்தது.

"படிக்கேன்," என்றாள்.